சக்கரை, செஞ்சையா எழுத்துகள் தமிழில் கிடைக்குமா?

குழுவிலுள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டையொட்டி, இந்தியக் கிறிஸ்தவர்கள் சிலர் தங்கள் விசுவாசத்தையும் மேலைநாட்டிலிருந்து வந்த சபை அமைப்பையும் மறுபடி சிந்தித்து எழுதிய கட்டுரைகளை எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் வாசிக்க விரும்புகிறோம். குறிப்பாக வி. சக்கரை செட்டியாரின் எழுத்துகளைத் தேடுகிறேன். வழக்கறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் 1941இல் சென்னை மேயராகவும் இருந்துகொண்டே கிறிஸ்துவைக் குறித்து ஆழமாக எழுதிய அவருடைய வாழ்வில் ஆராதனையும் பொதுப்பணியும் தனித்தனியே நிற்கவில்லை. (எந்தப் பிரசங்கத்திலும் அவர் பெயரை நான் கேட்டதில்லை என்பது வியப்புதான்.) அக்கட்டுரைகளை எழுதியவர்களில் இன்னொருவரான பி. செஞ்சையாவோ சபை என்னும் அமைப்பையே கேள்விக்கு உட்படுத்தியவர். ஆதலால் எங்கள் மூப்பர்கள் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தையும் மதித்தே இந்த வாசிப்பைத் தொடங்க எண்ணுகிறேன்.

இவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். வரவிருப்போரில் பலருக்குத் தமிழே எளிது. ஆகவே தமிழாக்கமோ நல்ல அறிமுகக் கட்டுரையோ அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் நூலகத்தில் வெளியாட்கள் வாசிக்க அனுமதி உண்டா, அதற்குப் போதகரின் கடிதம் தேவையா என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.