மாம்பழ ஐஸில் சோறு கல்லாகிறது, சனிக்கிழமைக்குள் வழி சொல்லுங்கள்

மாசி வீதிக்காரி:
வணக்கம். மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்து பதினோரு வாரம் ஆகிறது. சனிக்கிழமை மகளின் விடுமுறை முகாமில் நிறைவு விழா. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தின்பண்டம் கொண்டுவர வேண்டும், அதுவும் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம். என்னைக் கேட்காமலே இவள் "எங்கம்மா மாம்பழமும் சோறும் போட்டு ஐஸ் செய்வார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். முகாமில் ஒரு தாய்லாந்துப் பிள்ளை டப்பாவில் கொண்டுவந்த மாம்பழச் சோற்றை ஒரு நாள் வாங்கித் தின்றாளாம், அன்றிலிருந்து இதே பேச்சு. இங்கே வந்த பிறகு அவளோடு பேசுகிற ஒரே பிள்ளை அதுதான், அதனால் என்னால் முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. நேற்று ராத்திரி செய்து வைத்தேன். காலையில் பார்த்தால் சோறு பருக்கை பருக்கையாகக் கல் மாதிரி இருக்கிறது, தேங்காய்ப்பால் தனியாக ஐஸ்கட்டியாக நிற்கிறது, இழுத்தால் குச்சி மட்டும் கையோடு வருகிறது. இரண்டு மாம்பழம் போச்சு. இங்கே அவை விற்கிற விலைக்கு யானைக்கல்லில் ஒரு கூடையே வாங்கியிருப்பேன். எங்கே தப்பு செய்தேன்?

திருமங்கலத்தான், சிட்னி:
தங்கச்சி, இப்போது நடுக் குளிர்காலம், இந்த ஜூலையில் மாம்பழத்துக்கு ஏன் அலைகிறீர்கள்? டிசம்பர் வரை பொறுத்தால் கென்சிங்டன் பிரைட் பழம் பெட்டி பெட்டியாக வரும், நம் ஊர்ப் பழத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நான் இங்கே வந்து இறங்கியதும் ஒரு ஜூன் மாதம்தான். கம்பளி இல்லை, வேலை இல்லை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும். முதல் மூன்று மாதம் தயிர் சோறும் ஊறுகாயும்தான். ஐஸ் செய்வதெல்லாம் அப்புறம், முதலில் பிள்ளைக்கு நல்ல குளிர் கோட்டு வாங்குங்கள்.

மேலூர் மருமகள், சிங்கப்பூர்:
அக்கா, தெரியாத பண்டத்தை எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள்? மதுரைக்காரர் என்றால் ஜிகர்தண்டா செய்யுங்கள். பாதாம் பிசினை ராத்திரி ஊறவைத்து, பாலைச் சுண்டக் காய்ச்சி, நன்னாரி சர்பத் ஊற்றினால் முடிந்தது. ஐஸ்தான் வேண்டுமென்றால் டின் தேங்காய்ப்பாலைத் தொடவே தொடாதீர்கள். தேங்காயைத் துருவி முதல் பால் எடுத்தால்தான் அந்த வாசம் வரும். நான் வந்த புதிதில் வாடகை அறையில் அடுப்பு பற்றவைக்கவே வீட்டுக்காரர் விடவில்லை, எட்டு மாதம் கடைச் சாப்பாடு. ஒரு நாள் பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசம் வந்து அப்படியே நின்று அழுதேன். உங்களுக்குச் சொந்தமாக ஒரு சமையலறை இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

உசிலம்பட்டி, நியூஜெர்சி:
முந்தைய பதிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே கிடைக்கிற தேங்காய் பாதி நாள் உள்ளே கெட்டுத்தான் இருக்கும், கைக்குழந்தையோடு யார் துருவிக்கொண்டு உட்கார்வது? டின்தான் சரி. தாளிக்கிற பேச்சு வந்ததால் சொல்கிறேன், நாங்கள் வந்த முதல் வாரம் ரசத்துக்குத் தாளித்தபோது புகை அலாரம் அடித்துக் கட்டடம் முழுக்க வெளியே வந்து நின்றது. இன்னும் எனக்குக் கடுகு வெடித்தால் நெஞ்சு படபடக்கிறது.

திருமங்கலத்தான், சிட்னி:
எங்களுக்கும் அதே கதைதான். வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்தம் செய்ததற்குக் காரணமே "சமையல் வாசம்" என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

நரிமேடு அம்மா, மதுரை:
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பெண் கேட்டது ஐஸ் ஏன் கல்லாகிறது என்று. நான் என் வீட்டுக்காரர் வேலைக்காக ஒன்பது வருடம் பாங்காக்கில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள், இந்தப் பண்டத்தை வாரத்துக்கு இரண்டு முறை தின்றிருக்கிறேன். தாயி, முதலில் நான்கு விஷயம் சொல்லு. எந்த நாட்டில் இருக்கிறாய்? என்ன அரிசி போட்டாய்? டின்னில் என்ன எழுதியிருந்தது? எத்தனை பிள்ளைகளுக்கு?

மாசி வீதிக்காரி:
மன்னிக்கவும் அம்மா, பதற்றத்தில் எதுவுமே சொல்லவில்லை. கனடா, பிராம்ப்டன், இப்போது நல்ல வெயில். அரிசி பொன்னிதான், குக்கரில் வைத்தேன். டின்னில் "லைட்" என்று இருக்கிறது, உடம்புக்கு நல்லது என்று வாங்கினேன். பதினெட்டுப் பிள்ளைகள். அச்சு பத்துதான் இருக்கிறது, ஃபிரீசர் ஃபிரிட்ஜுக்கு மேலே சின்னதாக ஒன்று. இன்று புதன்.

நரிமேடு அம்மா, மதுரை:
அப்படியானால் உன் கையில் தப்பில்லை, சாமான்தான் தப்பு.

பொன்னி மாதிரி அரிசியில் அமைலோஸ் என்ற மாவுப்பொருள் கணிசமாக உண்டு, சோறு குளிர்ந்தால் அது இறுகிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்து நிற்பது அதனால்தான். தாய்லாந்தில் மாம்பழச் சோற்றுக்குப் போடுவது ஒட்டும் அரிசி, அதில் அமைலோஸ் ஏறக்குறைய கிடையாது, குளிரிலும் மெத்தென்று இருக்கும். சீனக் கடையில் "கிளூட்டினஸ் ரைஸ்" அல்லது "ஸ்வீட் ரைஸ்" என்று பார்த்து வாங்கு. பெயரைப் பார்த்துப் பயப்படாதே, கோதுமையில் இருக்கிற குளூட்டன் இதில் இல்லை. மல்லிகை அரிசியை வாங்கிவிடாதே, அது வேறு. நம் பக்கம் காரைக்குடி வீடுகளில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் போட்டுச் செய்வார்களே கவுனி அரிசி, அந்த ஒட்டல்தான் இதற்கும். கறுப்பு கவுனி கையில் இருந்தால் அதிலும் செய்யலாம், ஊறவும் வேகவும் கூடுதல் நேரம் எடுக்கும், ஐஸ் ஊதா நிறத்தில் வரும்.

பத்து ஐஸுக்கு அரை கப் அரிசி, 100 கிராம். நான்கு மணி நேரமாவது ஊற வை. குக்கர் வேண்டாம், இட்லிப் பானையில் துணி விரித்து 25 நிமிடம் ஆவியில் வேகவை, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குழைய வெந்தால் நல்லது. 400 மில்லி டின் ஒன்று, லைட் கூடாது. அதில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம், தண்ணீர்தானே ஐஸ்கட்டியாக நின்றது? "கிரீம் ஆஃப் கோகனட்" என்று ஒன்று இருக்கும், அது சர்க்கரை கலந்தது, அதையும் எடுக்காதே. பாலில் அரை கப் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுச் சூடு பண்ணு, கொதிக்க விடாதே. நாக்கில் வைத்தால் கொஞ்சம் திகட்ட வேண்டும், ஏனென்றால் உறைந்த பிறகு இனிப்பு குறைவாகத் தெரியும். சர்க்கரை இருந்தால்தான் ஐஸ் பல்லுக்கு இதமாக உறையும். உப்பை விட்டுவிடாதே, அந்த ஊர்ச் சுவையே அந்த உப்புதான்.

பாலில் பாதியைச் சுடு சோற்றில் ஊற்றி அரை மணி நேரம் மூடி வை, சோறு குடித்துக்கொள்ளும். பிறகு சோற்றில் பாதியை எடுத்து மீதிப் பாலோடு மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எல்லாவற்றையும் கலந்துகொள். பருக்கை முழுதாக நின்றால் கடிபடும், மொத்தமாக அரைத்தால் கூழாகிவிடும், அதனால்தான் பாதி. சோற்றை ராத்திரி முழுக்க வெளியே வைக்காதே. நாமெல்லாம் பழைய சோறு தின்று வளர்ந்தவர்கள்தான், ஆனால் இது ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும்.

அச்சில் ஒரு கரண்டி மாம்பழ விழுது, ஒரு கரண்டி சோறு, மறுபடி மாம்பழம். மேலே கொஞ்சம் இடம் விடு, தண்ணீர் உறையும்போது பெருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குச்சியைச் சொருகினால் நேராக நிற்கும். எட்டு மணி நேரம் உறையட்டும். எடுக்கும்போது அச்சை வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து விநாடி காட்டு, கழன்று வரும்.

இருபதையும் ஒரே ராத்திரியில் அந்தச் சின்ன ஃபிரீசரில் திணிக்காதே. மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகம் பெரிதாகி நறநறக்கும். இன்று பத்து, நாளை பத்து.

ஸ்கார்பரோ சித்தி:
பக்கத்து ஊர்தான் நான். பழத்தை வெட்டிக் காசை வீணாக்காதே கண்ணு. கேசர் மாம்பழ விழுது 850 கிராம் டின்னில் கிடைக்கும், நார் கிடையாது, இருபது ஐஸுக்கு ஒரு டின் போதும். அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும், மறுபடி போடாதே, எலுமிச்சை நாலு சொட்டு விடு. பழம்தான் வேண்டுமென்றால் மெக்சிகோவிலிருந்து வருகிற மஞ்சள் அட்டாவுல்ஃபோ. சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கிற பெரிய பழம் பெரும்பாலும் நாராகத்தான் இருக்கும். முக்கியமாக, முகாமில் ஒவ்வாமைப் பட்டியல் கேள். கனடாவின் மரக்கொட்டை ஒவ்வாமைப் பட்டியலில் தேங்காய் இல்லை, ஆனாலும் ஒரு பிள்ளைக்கு ஆகாமல் இருக்கலாம். தாய்லாந்துக்காரர்கள் மேலே எள் அல்லது வறுத்த பாசிப்பருப்பு தூவுவார்கள். எள் இங்கே ஒவ்வாமைப் பட்டியலில் உண்டு, நீ பாசிப்பருப்பே தூவு. அது நம் வீட்டில் எப்போதும் இருப்பதுதானே.

திருமங்கலத்தான், சிட்னி:
கனடா என்று தெரியாமல் கோட்டு வாங்கச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். எடுத்துப் போக ஒரு யோசனை: நம் ஊரில் ராத்திரி மணியடித்து வருகிற குல்பி வண்டிக்காரர் பானையில் ஐஸோடு கல்லுப்பு போட்டிருப்பார், உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிட அதிகமாகக் குளிரும். கூலர் பெட்டியில் அதையே செய்யுங்கள், ஐஸ் குச்சிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உப்புத் தண்ணீர் படாமல் வையுங்கள்.

உசிலம்பட்டி, நியூஜெர்சி:
2022 ஏப்ரலில் மில்லி என்ற தாய்லாந்து ராப் பாடகி கோச்செல்லா என்ற அமெரிக்க இசை விழா மேடையிலேயே மாம்பழச் சோறு சாப்பிட்டது இங்கே பெரிய பேச்சாக இருந்தது. பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள், பயப்படாதீர்கள்.

மாசி வீதிக்காரி:
வியாழன் காலை. ஒட்டும் அரிசி சீனக் கடையிலேயே கிடைத்தது. பத்து அச்சில் ஒன்றை இப்போது எடுத்துப் பார்த்தோம், முழுசாகக் கழன்று வந்தது. சோறு மெத்தென்று கடிபடுகிறது, உப்பு முதலில் விநோதமாக இருந்தது, இரண்டாவது கடியில் பிடித்துவிட்டது. மகள் குச்சியைக்கூட விடவில்லை. முகாமில் கேட்டுவிட்டேன், ஒரு பிள்ளைக்குத் தேங்காய் ஆகாதாம், அவனுக்கு மட்டும் வெறும் மாம்பழத்தில் இரண்டு வைக்கிறேன். மீதி ஒன்பதையும் பையில் போட்டுவிட்டு இன்று ராத்திரி அதே அச்சில் அடுத்த பத்து. கூலர் பெட்டி எங்களிடம் இல்லை. ஸ்கார்பரோ சித்தி, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் வந்து வாங்கிக்கொள்வார்.

ஸ்கார்பரோ சித்தி:
இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் வரச் சொல். கல்லுப்பு நானே போட்டு வைக்கிறேன்.