அண்ணன் என் அலையில் குறுக்கே ஏறுகிறான், எப்படிச் சொல்வது?

கேள்வி (நுரைப்பையன்):
எனக்கு 15 வயது, அண்ணனுக்கு 20. சர்ஃபிங் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். கரையோரம் உடைந்து வரும் நுரையில் பழகிய வரைக்கும் பிரச்சினை இல்லை. இப்போது அலை உடையும் இடத்துக்கே போகிறேன். அலை முதலில் உடையும் முனைக்குப் பக்கத்தில் நான் இருப்பேன், அலையைப் பிடித்து எழுந்தும் நிற்பேன். அவன் ஓரத்திலிருந்து என் முன்னால் ஏறிவிடுவான். மோதாமல் இருக்க நான்தான் அலையை விட வேண்டும். கேட்டால், "நீ எப்படியும் விழத்தானே போற, அலை வீணாகணுமா?" என்கிறான். மற்றவர்களிடம் ஒருநாளும் இப்படிச் செய்ய மாட்டான்.

போர்டும் அப்படித்தான். 8 அடி ஃபோம் போர்டு எனக்கு நன்றாக வருகிறது. தன் பழைய 5 அடி 10 அங்குல போர்டுக்கு மாறச் சொல்லி நச்சரிக்கிறான். எதிர்த்துப் பேசினால் கடலுக்குக் கூட்டிப்போக மாட்டானோ என்று பயம். அம்மாவிடம் சொன்னால் இரண்டு பேரையும் நிறுத்திவிடுவார்.

பதில் (கரைமணல்):
தம்பி, நான் பயிற்சி கொடுப்பவன். முனைக்கு அருகில் இருப்பவருக்குத்தான் அலை. இதில் அண்ணன் தம்பி கணக்கு கிடையாது. போட்டியில் செய்தால் அவனுக்குப் புள்ளி போகும். மரியாதைக்காக மட்டும் வந்த விதியும் இல்லை. போர்டின் அடியில் துடுப்பு மாதிரி நிற்கும் ஃபின் பட்டால் தோல் கிழியும். விழுந்து விழுந்துதானே அவனும் கற்றிருப்பான்?

தண்ணீரில் வாதாடாதே, அங்கே அவன் காதில் ஏறாது. கிளம்பும் முன் கரையிலேயே சொல்லிவிடு: "நீ முனையில் இருந்தால் நான் விலகுகிறேன், நான் இருந்தால் நீ விலகு." அப்புறம் அலையைப் பிடிக்கக் கைபோட ஆரம்பித்ததுமே, நீ போகும் பக்கத்தை "இடது" அல்லது "வலது" என்று உரக்கக் கத்து. இரண்டு பக்கமும் ஓடுகிற அலையென்றால் அவன் மறுபக்கம் போகலாம். "எனக்குக் கேட்கலை" என்ற சாக்கும் இருக்காது.

பதில் (சின்னத்தங்கை):
என் அக்காவும் இதே ரகம். நான் சண்டை போடவில்லை, கொஞ்சம் தள்ளி வேறொரு முனையில் போய் உட்கார்ந்தேன். கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். சர்ஃபிங்கில் மூன்று முறை உலகச் சாம்பியனான ஆண்டி அயர்ன்ஸும் தம்பி புரூஸும் சின்ன வயதிலிருந்தே அலைக்கு முட்டிக்கொண்டவர்கள்தான். புரூஸ் 2001இல் ஹவாயில் நடக்கும் பைப் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை ஜெயித்தார். தம்பி என்றால் அலை கிடைக்காது என்று எழுதியா வைத்திருக்கிறது?

போர்டை மட்டும் விட்டுக்கொடுக்காதே. அவன் தருகிற போர்டின் கொள்ளளவு பொதுவாக உன்னுடையதில் பாதிகூட இருக்காது. கைபோடும்போதே அமுங்கும், அலையைப் பிடிப்பதே பாடாகிவிடும்.

பதில் (கரைமணல்):
ஒன்று சேர்க்கிறேன். கடல் உள்ளே இழுக்கிறது, வெளியே வா என்று அவன் சொன்னால் உடனே வந்துவிடு. அதில் ரோஷம் வேண்டாம்.

நுரைப்பையன்:
கரையில் வைத்துச் சொல்லிவிட்டேன். "பெரிய மனுஷன் ஆயிட்டியா?" என்று சிரித்தான். உள்ளே போனதும் முதல் அலையில் வழக்கம்போல ஏறினான். அடுத்ததில் "இடது" என்று நான் கத்தியதும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். நான் விழுந்தேன், அது வேறு விஷயம். போர்டு பேச்சை இன்னும் விடவில்லை. காலையும் போர்டையும் இணைக்கும் லீஷ் கயிறு பழசாகிவிட்டது, 8 அடி போர்டுக்கு எத்தனை அடி வாங்குவது?

கரைமணல்:
8 அடி.