மணம் தெரியவில்லையா, மணத்தின் பெயர் தெரியவில்லையா?

கோண்டாவில் மகள் கேட்கிறார்:
சென்ற மாசியில் வந்த தடிமனுக்குப் பிறகு, 62 வயதான என் அம்மாவுக்கு மணம் பிடிபடுவதில்லை. கறித்தூளுக்கு வறுத்த மல்லி கருகியதைக்கூட அவர் அறியவில்லை. ஆனால் செத்தல் மிளகாய் வறுத்தால் எல்லோருக்கும் முன்பாக இருமுகிறார். அதனால் மூக்கு வேலை செய்கிறதுதானே என்கிறார் மாமி. ரொறன்ரோவிலுள்ள சின்னம்மா, சுரண்டி முகர்ந்து நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகச் சோதனைப் புத்தகங்களை அனுப்பியிருந்தார். 40க்கு 19 வந்தது. ஆனால் அதில் ரூட் பியர் என்ற அமெரிக்கக் குளிர்பானம், டில் ஊறுகாய், விண்டர்கிரீன் என்றெல்லாம் இருக்கின்றன. வாழ்நாளில் ரூட் பியரைக் கண்டிராத ஒருவரின் புள்ளியை நம்பலாமா?

கரவெட்டியான்:
முதலில் மிளகாய் விடயம். அந்தக் காரத்தை உணர்வது மோப்ப நரம்பு அன்று. முகத்திலும் மூக்கிலும் எரிவையும் குளிர்ச்சியையும் உணர்த்தும் முக்கிளை நரம்பு. மணத்தை முற்றாக இழந்தவரும் மிளகாய்க்கு இருமுவார், அமோனியாவுக்குத் தலையைத் திருப்புவார். ஆகவே மாமியின் சான்று செல்லாது.

ரிச்சர்ட் டோட்டி குழுவினர் 1984இல் வெளியிட்ட அந்தச் சோதனை, மூக்கோடு சேர்த்து நினைவையும் சொல்லறிவையும் அளக்கிறது என்பது அதன் மீதுள்ள பழைய குறை; பிற நாட்டவர்களுக்காக 12 மணங்களைக் கொண்ட சுருக்க வடிவம் பின்னர் வந்ததற்கும் அதுவே காரணம். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 10 சரியாக வரும் என்பதால், 19 என்பது தோற்றமளிப்பதைவிடக் குறைவான புள்ளி. எனினும் மொத்தத்தை விட்டுவிட்டு, அதே புத்தகங்களில் உள்ள தேங்காய், கராம்பு, வாழைப்பழம், வெங்காயம், அன்னாசி ஆகியவற்றுக்கு அம்மா என்ன குறித்தார் என்று பாருங்கள். ரூட் பியரில் பிழைத்தால் குற்றம் சோதனையினுடையதாக இருக்கலாம். தேங்காயில் பிழைத்தால் அப்படிச் சொல்ல முடியாது. (பனங்காயும் புழுக்கொடியலும் கொண்டு நம்மவருக்கொரு சோதனை செய்தால், ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைகள் தோற்பார்கள்.)

தொண்டைமானாற்று வாசகர்:
பெயரே தேவைப்படாத அளவீடும் உண்டு. 1997இல் ஜேர்மனியில் வந்த, மணமூட்டிய பேனைகளை முகரவைக்கும் முகர்பேனைச் சோதனையில், மிகக் குறைந்த எந்தச் செறிவில் மணம் தெரிகிறது, மூன்று பேனைகளில் வேறுபட்டது எது என்ற இரு பகுதிகளுக்கும் ஒரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தடிமனைத் தொடர்ந்து வந்த இழப்பென்றால் வைரசுச் சேதமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் மூக்கினுள் சதை வளர்ந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை வைத்தியர் பார்த்தாக வேண்டும். மோப்பக் கலங்கள் அடிப்படைக் கலங்களிலிருந்து மீண்டும் முளைக்கக் கூடியவை என்பதால், 2009இல் தோமஸ் ஹும்மெல் குழுவினர் ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கையும் தினமும் இருவேளை முகரவைத்து, 12 வாரங்களில் பலருக்கு முன்னேற்றம் கண்டார்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை. இடையில் கோப்பியோ பொரித்த வெங்காயமோ அழுகல் நாற்றமாகத் தெரிந்தால் பயந்து நிறுத்த வேண்டாம். வைரசுக்குப் பின் பலருக்கு மணம் திரும்பும் வழியில் அப்படி நேர்வதுண்டு.

கோண்டாவில் மகள்:
பார்த்தேன். தேங்காய், கராம்பு, வெங்காயம் மூன்றும் பிழை. ரூட் பியர் சரி, குருட்டுக் குறியாகத்தான் இருக்க வேண்டும். புத்தகங்களை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோகிறேன். அதுவரை, எரிவாயு ஒழுகினாலும் அவருக்குத் தெரியாது என்பதால், குசினியில் அம்மாவைத் தனியே விடுவதில்லை.