63 எம்எம் பைப்பில் தூண்டில் ராடு நுழையுமா, நுழையாதா?

கொடுவாக்காரன்:
போன வாரம் வேறொரு திரியில் எண்ணூரான் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "ராடுக்குத் துணி உறை வாங்குகிறவன் காசைக் கழிமுகத்தில் கொட்டுகிறான். 63 எம்எம் பிவிசி பைப்பு, இரண்டு மூடி, போதும். எந்த ராடும் நுழையும்." இதை நம்பிப் பத்தடி பைப்பு வாங்கினேன். பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கடையிலேயே இரண்டாக அறுக்கச் சொல்லித் தோளில் போட்டுக்கொண்டு வந்தால், தெருவில் நாலு பேர் போர் மோட்டார் ரிப்பேரா என்று விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்து நுழைத்தால் என் எட்டடி ஸ்பின்னிங் ராடின் அடித்துண்டு, நூல் ஓடும் முதல் வளையத்தோடு நின்றுவிட்டது. 25 நம்பர் வளையம். லேசாக அழுத்தினேன், வளையத்தின் காலில் பூசியிருந்த எபாக்சி டிக்கென்று வெடித்தது. எந்த ராடும் நுழையும் என்று எழுதுகிறவர் ஒரு ராடையாவது நுழைத்துப் பார்த்துவிட்டு எழுதக் கூடாதா?

எண்ணூரான்:
நுழையும். பன்னிரண்டு வருஷமாக என் ராடு 63 பைப்பில்தான் தூங்குகிறது. பழவேற்காடு போயிருக்கிறது, தனுஷ்கோடி போயிருக்கிறது, ரயிலில் சீட்டுக்கு அடியில் கிடந்து அதன் மேல் ஒரு குடும்பமே மூட்டை வைத்திருக்கிறது, கீறல் இல்லை. உங்களுக்கு நுழையவில்லை என்றால் நுழைக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். கைப்பிடியை முதலில் விட வேண்டும், அப்புறம் கால்வாசி திருப்ப வேண்டும். ராடை அழுத்தினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கார்பன் ராடை அழுத்துகிறவருக்கு உறை எதற்கு?

புதுத்தூண்டில்:
வணக்கம், நான் புதிது. கடையில் 63 என்று சொல்வது உள்ளளவா, வெளியளவா?

மேட்டூர்_விரால்:
இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லையா? எங்கள் அப்பா மூங்கில் கழியைக் கூரை எரவாணத்தில் செருகி வைப்பார். உறையும் கிடையாது, பைப்பும் கிடையாது. அடுப்புப் புகையில் கறுத்துக் கறுத்து இரும்பு மாதிரி ஆகியிருக்கும். அதில் பிடித்த விராலை எடை போட்டால் உங்கள் பைப்பு முறியும்.

எண்ணூரான்:
மேட்டூர் அண்ணே, மூங்கில் கழியில் 25 நம்பர் வளையம் உண்டா? இல்லை. அப்புறம் இந்தத் திரியில் உங்களுக்கு என்ன வேலை? நுழையும் என்று நான் சொன்னது வளையம் உள்ள ராடை.

கொடுவாக்காரன்:
திருப்பியும் பார்த்தேன், தலைகீழாகவும் பார்த்தேன். இரவல் வாங்கிய வெர்னியர் வைத்து அளந்தும் பார்த்தேன். என் பைப்பின் உள்ளே 58 சொச்சம்தான். 25 நம்பர் என்பது வளையத்தின் விட்டம் மட்டும். வளையம் ராடை ஒட்டிக்கொண்டா இருக்கிறது? உயரமான காலில் நிற்கிறது. கால், வளையம், ராடின் தடிமன் மூன்றையும் கூட்டினால் 57 வருகிறது. அடித்துண்டு தனியாக, துணி இல்லாமல், சாமி கும்பிட்டுவிட்டு விட்டால் ஒருவேளை போகும். நுனித்துண்டையும் சேர்த்துப் போட வேண்டாமா? அதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டா முட்டுக்காடு போவது?

எண்ணூரான்:
பார்த்தீர்களா, "ஒருவேளை போகும்" என்று அவரே ஒத்துக்கொண்டுவிட்டார். நுழையும் என்றுதானே நானும் சொன்னேன்.

நூல்கண்டு:
அண்ணா, நான் இடையில் ஒன்று சொல்லலாமா? எண்ணூரான் அண்ணா வைத்திருப்பது பெயிட்காஸ்டிங் ராடு என்று நினைக்கிறேன். போன வருஷம் போட்ட போட்டோவில் நூல் சுற்றும் ரீல் ராடுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அந்த வகையில் வளையங்கள் சின்னதாக, ராடை ஒட்டி இருக்கும். ஸ்பின்னிங் ரீலில் நூல் சுருள் சுருளாக அவிழ்ந்து வருவதால்தான் முதல் வளையத்தைப் பெரிதாக, உயரத்தில் வைக்கிறார்கள். அதற்கு 75 பைப்பு எடுத்தால் தொல்லையே இல்லை. பைப்பே வேண்டாம் என்றால் பின்னல் உறை இருக்கிறது, கம்ப்யூட்டர் ஒயர்களுக்கு மாட்டுவார்களே, அதே சரக்கு. அமுக்கினால் அகலும், இழுத்தால் இறுகும். மீட்டர் கணக்கில் வாங்கிச் சூடான கத்தியால் வெட்ட வேண்டும், கத்தரியால் வெட்டினால் துடைப்பம் மாதிரி பிரிந்துவிடும். நான் பழைய காட்டன் புடவையிலும் தைத்திருக்கிறேன். இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு தையல் ஓட்டிவிட்டால் உரசாது.

எண்ணூரான்:
தங்கச்சி கடை விரித்துவிட்டார். உறை தைத்து விற்கிறவர் பைப்பு நன்றாயிருக்கிறது என்று சொல்வாரா? என் ராடு எந்த வகை என்பது இங்கே பிரச்சினையே இல்லை. பைப்பு 63, ராடு நுழைகிறது, அவ்வளவுதான். பின்னல் உறையைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன் (யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை): நண்பர் ஒருவர் அதைப் போட்டு ராடைப் பஸ் மேல்தட்டில் வைத்தார். மேலே யாரோ டிராவல் பேக்கைத் தூக்கி எறிந்தார்கள். அப்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் ஒரு பாறை மீன் கடித்து இழுத்தபோது நட்டநடுவில் படார். கார்பனில் அடிபட்டால் மயிரிழை விரிசல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும், மீன் வரும்போதுதான் வெளியே வரும். உங்கள் புடவை அதைத் தடுக்குமா? பைப்பு தடுக்கும்.

நூல்கண்டு:
நான் எதையும் விற்கவில்லை அண்ணா. தைத்த மூன்றும் என் வீட்டில்தான் இருக்கின்றன. அடியைத் தடுக்கும் என்று நான் எங்கே சொன்னேன்? உரசலுக்கும் நூல் சிக்காமல் இருக்கவும்தான் உறை.

தூத்துக்குடி_பழசு:
பைப்பு அடியைத் தடுக்கும், சரி. உப்பை? கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாமல் பைப்பில் போட்டு இரண்டு பக்கமும் மூடினால் அது பாதுகாப்பு இல்லை, ஊறுகாய் ஜாடி. வளையத்தின் கால் சட்டம் எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் இரண்டு மாதத்தில் பழுப்பு தட்டும். மூடியில் நாலு ஓட்டை போடுங்கள். வளையத்துக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டுத் துடைத்துப் பாருங்கள், பஞ்சு மாட்டினால் வளையத்தில் விரிசல் இருக்கிறது, அது பிரெய்டு என்கிற பின்னல் நூலை அறுத்துவிடும். இதையெல்லாம் விட்டுவிட்டு 63, 63 என்று என்ன பஜனை? எண்ணூராரே, தனுஷ்கோடியில் என்னிடம் வாங்கிய பென்சில் பாப்பர், அந்தப் பொய் மீன், என்ன ஆயிற்று?

எண்ணூரான்:
சம்பந்தமில்லாததை ஏன் இழுக்கிறீர்கள்? ஓட்டை போட்ட பைப்பில் மழைத்தண்ணீர் போகாதா? அது எந்த ஊர் அறிவு?

தூத்துக்குடி_பழசு:
தண்ணீர் போனால் வெளியேயும் வரும், அதற்குப் பெயர்தான் ஓட்டை. பாப்பர்?

மேட்டூர்_விரால்:
கடல்காரர்களுக்கு எப்போதும் இந்தச் சண்டைதான். ஏரிப்பக்கம் வாருங்கள், உப்பும் இல்லை துருவும் இல்லை. பொய்த் தவளை லூர் ஒன்று, ஆறடி ராடு ஒன்று, சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு போய்விடலாம்.

கொடுவாக்காரன்:
சைக்கிளில் கட்ட உங்களுக்கு வேட்டிக் கிழிசல் போதும் அண்ணே. அது இருக்கட்டும். எண்ணூரான் இன்னும் பதில் சொல்லவில்லை. "எந்த ராடும்" என்று எழுதினாரா இல்லையா? கடற்கரையில் நின்று வீசுகிற பன்னிரண்டடி சர்ஃப் ராடில் 40 நம்பர் வளையம் வருகிறது. அதுவும் 63இல் நுழையுமா?

எண்ணூரான்:
எந்த ராடும் என்றால் மனிதர்கள் வைத்திருக்கும் ராடு. பன்னிரண்டடி ராடு வைத்திருப்பவர் கொடிக்கம்பத்துக்கு உறை தைக்கிறவரிடம் போகட்டும். இங்கே சிலருக்கு நான் சொன்னேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எண்ணூர்ப் பக்கம் ஒரு நல்ல இடத்தைச் சொன்னேன், அடுத்த ஞாயிறே பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றவர் யார்? கொடுவாக்காரன்தானே? அன்றைக்கு என்னிடம் கற்றுக்கொண்டவர் இன்றைக்கு எனக்கு வெர்னியர் காட்டுகிறார். நான் பைப்பை எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன், வேண்டுகிறவர்கள் படியுங்கள். நீளமான துண்டை விட ஒரு சாண் கூடுதலாக வெட்டுங்கள். ஒரு பக்க மூடிக்குச் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிடுங்கள், மறுபக்கம் ஒட்டவே ஒட்டாதீர்கள், மரை மூடி கிடைத்தால் அதைப் போடுங்கள். இரண்டு மூடிக்குள்ளும் பஞ்சு மெத்தைத் துண்டு. ராடுக்கு மேல் ஏசி காப்பர் குழாய்க்குப் போடுகிற கறுப்பு ஃபோம் குழல். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கவில்லை என்றால் அது ராடின் பெயிண்டை வழித்துவிடும். இவ்வளவும் போட்டு 63இல் நுழைகிறது.

நூல்கண்டு:
ஃபோம் குழலும் போட்டு 63இல் நுழைகிறதா? அண்ணா, உள்ளே ராடு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

எண்ணூரான்:
ஃபோம் நுனித்துண்டுக்கு மட்டும். வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

புதுத்தூண்டில்:
மன்னிக்கவும், மறுபடியும் கேட்கிறேன். 63 உள்ளளவா, வெளியளவா? என்னுடையது ஆறரை அடி, ஒரே துண்டு. பைக்கில்தான் போகிறேன்.

தூத்துக்குடி_பழசு:
தம்பி, ஆறரை அடிப் பைப்பைப் பைக்கில் குறுக்கே கட்டாதீர்கள், ஈசிஆரில் எதிரே வருகிறவர் பாவம். முதுகில் நிமிர்த்திக் கட்டினால் மேலே மின்கம்பியைப் பாருங்கள். கார்பனில் மின்சாரம் பாயும். முள்ளைக் கழற்றாமல் உறையில் போடாதீர்கள், துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்து பின்னால் உட்கார்ந்தவர் தொடையில் ஏறும்.

மேட்டூர்_விரால்:
மூங்கிலில் பாயாது.

கொடுவாக்காரன்:
ஈரமாக இருந்தால் பாயும் அண்ணே, மூங்கிலை விடுங்கள். எண்ணூரானிடம் ஒரே ஒரு போட்டோ கேட்கிறேன். 25 நம்பர் வளையம் உள்ள ஸ்பின்னிங் ராடு, 63 பைப்பு, இரண்டு துண்டும் உள்ளே. போடட்டும், நான் இந்தத் திரியையே மூடச் சொல்கிறேன்.

எண்ணூரான்:
எனக்கு யாரிடமும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. பன்னிரண்டு வருஷம். நுழையும். ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டுக்கு எடுத்து வருகிறேன், கண் இருப்பவர்கள் வந்து பாருங்கள்.

தூத்துக்குடி_பழசு:
வரும்போது பாப்பரையும் எடுத்து வாருங்கள்.

எண்ணூரான்:
அது பைப்புக்குள்தான் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. எடுக்க வரவில்லை.

கொடுவாக்காரன்:
ஒரு விரல் நீள லூரே வெளியே வராத பைப்பிலா ராடு நுழைகிறது?

எண்ணூரான்:
நுழையும் என்றுதான் சொன்னேன். வெளியே வரும் என்று எப்போது சொன்னேன்?

புதுத்தூண்டில்:
கடையில் நிற்கிறேன். 63, 75 இரண்டும் இருக்கிறது. யாராவது சொல்லுங்கள், கடையைச் சாத்தப் போகிறார்கள்.

எண்ணூரான்:
63.

கொடுவாக்காரன்:
75.