டி.ஆர்.ராஜகுமாரி சொந்தமா தியேட்டர் கட்டினது நிஜமா?

கும்பகோணத்துப் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அபார்ட்மென்ட்ல மகளிர் தினத்துக்கு என்னை பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க, தலைப்பு நம்ம இஷ்டம். எங்க பாட்டிக்கு 88 வயசு, அவங்க ட்ரங்குப் பெட்டியில 'சந்திரலேகா' பாட்டுப் புத்தகம் ஒண்ணு இருக்கு, ஓரமெல்லாம் பொடிஞ்சு தொட்டாலே உதிருது, கதையைப் பாதியில நிறுத்திட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு போட்டிருக்கு. அதைக் கையில எடுத்தாங்கன்னா அந்தப் படத்து நாயகி ராஜகுமாரி பத்தி பேச ஆரம்பிச்சிடுவாங்க, "அப்படி ஒரு கண்ணு அப்புறம் எவளுக்கும் வாய்க்கலடி"ம்பாங்க, அடுத்த மூச்சிலேயே "தியேட்டரே கட்டினாளே மெட்ராஸ்ல"ம்பாங்க. நான் தேடிப் பாத்தா எங்க பாத்தாலும் கனவுக்கன்னி கனவுக்கன்னின்னுதான் இருக்கு, அதுக்கு மேல ஒண்ணும் காணோம். தியேட்டர் விஷயம் உண்மையா? அவங்க வேற என்னெல்லாம் பண்ணினாங்க? அழகுக்காகக் கொண்டாடப்பட்டு, அதோட நிக்காம வேலையிலயும் ஜெயிச்ச வேற யாராச்சும் இருந்தாலும் சொல்லுங்க. வெறும் அழகைப் பத்திப் பேசிட்டு வந்து உக்கார எனக்கு மனசு வரல.

பழைய மாம்பலம்:

பாட்டி சொன்னது நூத்துக்கு நூறு நிஜம்மா. தி.நகர் பாண்டி பஜார்ல ராஜகுமாரி தியேட்டர்னு இருந்துச்சு, அவங்க பேர்லயே. நான் ஸ்கூல் படிக்கும்போது அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அங்க படம் பாத்திருக்கேன், அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு நடிகை இருக்காங்கன்னே அப்ப தெரியாது, ஏதோ ராஜா வீட்டுப் பொண்ணு பேருன்னு நினைச்சிருந்தேன். இப்ப அந்தக் கட்டடம் இல்ல, இடிச்சிட்டு கடைகள் வந்தாச்சு. தமிழ் நடிகைகள்ல சொந்தமா தியேட்டர் கட்டினது இவங்கதான் முதல்னு சொல்லுவாங்க.

அவங்க தஞ்சாவூர்க்காரங்க, 1922ல பிறந்தவங்க, வீட்ல வச்ச பேரு ராஜாயி. அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு படத்துல வந்திருந்தாலும் டைரக்டர் கே.சுப்ரமணியம் எடுத்த 'கச்ச தேவயானி'தான் 1941ல அவங்களைத் தூக்கி விட்டுச்சு. அப்புறம் 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்துச்சு. இதுல ஒண்ணு கவனிக்கணும், படம் வந்து ரெண்டு மாசத்துலயே ஹீரோ தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குல கைதாகிட்டார், ஹீரோ ஜெயில்ல இருக்கார், படம் பாட்டுக்கு ஓடுது. 'மன்மத லீலையை' பாட்டுல பாகவதர் பாடுறார், எதிர்ல ரம்பாங்கிற வேஷத்துல ராஜகுமாரி நிக்கிறாங்க. பாடுறது என்னவோ அவர்தான், ஆனா அந்தப் பாட்டு முழுக்க நம்ம கண்ணு அவங்க முகத்தை விட்டு நகராது, எனக்காக ஒரு தடவை போட்டுப் பாருங்க.

பேச்சுல பயன்படுத்துறதுன்னா ஆர்.ஆர். பிக்சர்ஸ் பத்தியும் சொல்லுங்க. அவங்களும் தம்பி டி.ஆர்.ராமண்ணாவும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடிச்ச ஒரே படம் 'கூண்டுக்கிளி', 1954, அது இவங்க கம்பெனிப் படம்தான். அந்தப் படத்தைப் பத்தி ஊரே பேசும், கம்பெனியில அக்கா ஒருத்தங்க இருந்தாங்கன்னு யாரும் சொல்றதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

வெண்ணாற்றங்கரை:

நானும் தஞ்சாவூர்தான், அதனால கொஞ்சம் உரிமையோட எழுதறேன். அக்கா, 'சந்திரலேகா' முரசு நடனத்தை உங்க பேச்சுல விட்டுடாதீங்க. எல்லாரும் அதை செட்டுக்காகவும் தயாரிப்பாளர் எஸ்.எஸ்.வாசன் கொட்டின பணத்துக்காகவும்தான் பேசறாங்க, 1948ல அப்படி ஒரு செலவு இங்க யாரும் பாத்ததில்ல, சரி. ஆனா கதையில அந்த நடனம் யாரோட யோசனை? வில்லன் சசாங்கன் சந்திரலேகாவைக் கட்டாயப்படுத்திக் கல்யாணம் பண்ணப் பாக்கிறான், அவ சரின்னு சொல்லிட்டு, கல்யாணத்துக்கு முரசு நடனம் வைக்கணும்னு நிபந்தனை போடுறா. வரிசை வரிசையா ராட்சச முரசு, அது மேல ஏறிப் பொண்ணுங்க ஆடுறாங்க, அவனும் உக்காந்து ரசிச்சுப் பாக்கிறான், ஆட்டம் முடிஞ்சதும் முரசு பொளந்து உள்ளேர்ந்து ஹீரோ வீரசிம்மன் ஆளுங்க வாளோட இறங்குறாங்க. அதுக்கு முன்னாடி ராஜகுமாரி சர்க்கஸ்ல வேற சேர்ந்து பார் விளையாட்டுல தொங்குவாங்க. படத்துல ரெண்டு ஹீரோ அளவுக்கு ஆளுங்க இருந்தும் பேரு என்னவோ சந்திரலேகாதான்.

இன்னொண்ணு, 1954லயே 'மனோகரா'வுல வசந்தசேனையா வந்து வில்லி பண்ணினாங்க. கனவுக்கன்னின்னு பேர் வாங்கினவங்க ஜனங்க திட்டுற மாதிரி ஒரு வேஷத்தை எடுக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! எங்க அம்மாவுக்கு இன்னிக்கும் வசந்தசேனைன்னா கோபம் வரும், அது ராஜகுமாரி நடிப்புக்குக் கிடைச்ச மெடல்.

டூரிங் டாக்கீஸ்:

தியேட்டர் கட்டினதுல அவங்க முதலா இருக்கலாம், ஆனா சினிமாவுல முதலாளியா நின்ன முதல் நடிகைன்னு யாராச்சும் சொன்னா நம்பிடாதீங்க. அது டி.பி.ராஜலட்சுமி. 1931ல முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'ல நாயகி. திருவையாறுல பிறந்து, சின்னப் பிள்ளையா இருக்கும்போதே கல்யாணம் பண்ணி வச்ச வாழ்க்கைய விட்டுட்டு நாடகத்துக்கு வந்தவங்க. 1936லயே 'மிஸ் கமலா'ன்னு தான் எழுதின நாவலையே சொந்தக் கம்பெனியில படமா எடுத்து, தானே டைரக்ட் பண்ணி, தானே நடிச்சாங்க. அப்புறம் பானுமதி, அவங்க கம்பெனி பரணி பிக்சர்ஸ், 1953ல 'சண்டிராணி'ய தமிழ், தெலுங்கு, இந்தின்னு மூணு பாஷையில டைரக்ட் பண்ணினாங்க. பாட்டும் அவங்களே பாடுவாங்க, கதையும் எழுதுவாங்க. சாவித்திரியும் படம் எடுத்தாங்க, டைரக்ட் பண்ணினாங்க, ஆனா கையில இருந்ததெல்லாம் போச்சு, அதைப் பத்தி எழுதவே எனக்குக் கை வரல.

வைஜயந்திமாலாவைச் சேர்த்துக்கலாம்னு தோணுது. 1949ல ஏவிஎம்மோட 'வாழ்க்கை'ல ஆரம்பிச்சு பம்பாய் போய் அங்க கொடி நாட்டினாங்க. 'தேவதாஸ்' இந்திப் படத்துல சந்திரமுகியா நடிச்சதுக்கு துணை நடிகைன்னு ஃபிலிம்ஃபேர் விருது குடுத்தாங்க, என் வேஷம் பார்வதி வேஷத்துக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்ல, துணைன்னு குடுத்தா வேணாம்னு திருப்பிட்டாங்க. அந்த வயசுல, அந்தக் காலத்துல! 1984லயும் 1989லயும் தென்சென்னை எம்.பி., 2024ல பத்ம விபூஷண். அவங்க அம்மா வசுந்தரா தேவி 1943ல 'மங்கம்மா சபதம்' பண்ணினவங்க, ஒரே வீட்ல ரெண்டு தலைமுறை.

பழைய மாம்பலம்:

டூரிங் டாக்கீஸ் சார் சொன்னது அத்தனையும் சரி. ஆனா பத்து நிமிஷத்துல இத்தனை பேரை அடக்கினா ஒருத்தர் முகமும் மனசுல நிக்காது, பேத்திம்மா, ஒருத்தரைப் பிடிச்சுக்கோங்க. உங்க கையில பாட்டுப் புத்தகமே இருக்கே. அப்புறம் நான் சொல்ல வந்தது இதுதான், அந்தக் காலத்துல நடிகை சம்பாதிக்கிற காசு வீட்டுக்கு வந்ததும் அதுக்கு நாலு பேரு கணக்குப் பாப்பாங்க, எது அவங்க பேர்ல இருக்கும் எது இருக்காதுன்னு அவங்களுக்கே தெரியாது. ராஜகுமாரி கல்யாணம் பண்ணிக்கல, தம்பியோட கூட்டா கம்பெனி, தன் பேரைப் போட்டு பஜார் நடுவுல தியேட்டர். முகத்தைப் பாக்க ஜனங்க குடுத்த காசை, மார்க்கெட் இருக்கும்போதே கட்டடமா மாத்திட்டாங்க. 'வானம்பாடி'யோட, 1963ல, நடிப்பை நிறுத்திக்கிட்டு 1999ல போய்ச் சேர்ந்தாங்க.

கும்பகோணத்துப் பேத்தி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ராஜகுமாரி மட்டும்தான்னு முடிவு பண்ணிட்டேன், ராஜலட்சுமி அம்மாவை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கிறேன். நேத்து ராத்திரி பாட்டிக்கு 'மன்மத லீலையை' ஃபோன்ல போட்டுக் காமிச்சேன். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தாங்க. முடிஞ்சதும், அந்தத் தியேட்டருக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போகச் சொல்லி தாத்தாகிட்ட எத்தனையோ வருஷம் கேட்டேன், மெட்ராஸ் போகும்போதெல்லாம் கல்யாண ஜவுளி எடுத்துட்டு அப்படியே ரயிலேத்திடுவார்னு சொன்னாங்க. அந்தக் கட்டடமே இப்ப இல்லன்னு பழைய மாம்பலம் சார் எழுதினதை நான் இன்னும் அவங்ககிட்ட சொல்லல.