ஹட்டன் டவுன்ல தாத்தா காலத்து கடைக் கட்டடம்: ஒடைக்கிறதா, திருத்துறதா?

மலைக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் டவுன்ல எங்க தாத்தா வாங்கின கட்டடம் ஒன்னு இருக்கு, கீழ சுண்ணாம்புல கட்டின கருங்கல் சுவர், மேல பலகைத் தட்டு, தகரக் கூரை. முந்தி கீழ சில்லறைக் கடை, மேல நாங்க குடியிருந்தோம், சின்ன வயசுல பலகை இடுக்கு வழியா பாத்தா தாத்தா தராசுல பருப்பு நிறுக்கிறது தெரியும். இப்ப பத்து வருஷமா மேல யாரும் இல்ல, கீழ ஒரு பக்கம் பூட்டிக் கெடக்கு, மத்தப் பக்கம் ஒரு டெய்லர் அண்ணே அந்தக் காலத்து வாடகையிலயே இருக்காரு. கீழ ரெண்டு கடை, மேல நமக்கு ஒரு வீடு, வாடகைக்கு ஒரு அனெக்ஸ், இதுதான் ஐடியா. ஒரு மேசன் பாஸ் வந்தாரு, உள்ளகூட வரல, ரோட்டுல நின்னே "எல்லாத்தையும் ஒடச்சிருங்க"ன்னாரு. இன்னொருத்தர் சுவர் நல்லா இருக்கு, அதுக்கு மேலயே கொங்கிரீட் ஸ்லெப் போடலாம்ங்கிறாரு. பின் சுவர்ல ஒரே ஈரம், ரெண்டு தடவ சிமெந்து பூசியும் பொக்கு பொக்கா வந்துருச்சு. லோன் எடுக்க முந்தி கேக்குறேன், என்ன செய்யலாம்?

பாஸ்_மகன்_தலவாக்கலை:
தம்பி, அந்த ரெண்டாவது பாஸ அந்தப் பக்கமே விட்றாதீங்க. 5 அங்குல ஸ்லெப் சும்மா கெடந்தாலே சதுர மீட்டருக்கு 300 கிலோ, அப்பறம் டைல், சுவர், தண்ணி டேங்க், ஆளு. பலகைத் தட்டுக்குன்னு கட்டின சுவர் அதத் தாங்குமான்னு இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் சொல்லணும், சுவத்துல தட்டிப் பாத்து சொல்ற விஷயம் இல்ல.

ஈரத்துக்கு வர்றேன். பின்னால மண் மேடுதானே? கருங்கல் சுவர்ல ஏறுற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிரும், நீங்க சிமெந்து பூசி வழிய அடச்சீங்க, அது உப்போட சேந்து பூச்சத் தள்ளுது, மூணாந் தடவ பூசினாலும் அதே கததான். சிமெந்த சொரண்டி எடுத்துட்டு சுண்ணாம்புதான் பூசணும். அதுக்கும் முந்தி சுவத்த ஒட்டி நிக்கிற மண்ண வெலக்கி தண்ணி ஓட கான் போடுங்க, ஆனா ஒரே நாள்ல நீளத்துக்கும் தோண்டிறாதீங்க, அத்திவாரம் வெளிய தெரிஞ்சா சுவரே சரிஞ்சு வந்துரும், நாலடி நாலடியா. பீலித் தண்ணி எங்க விழுதுன்னும் மழ பெய்யிறப்ப நின்னு பாருங்க.

தட்டு பீம நடுவுல தட்டிப் பாத்து ஏமாறாதீங்க, நடுவுல இரும்பு மாதிரிதான் இருக்கும். சுவத்துக்குள்ள போற முனையில ஒரு ஸ்க்ரூ டிரைவர வச்சு அமுக்குங்க. எங்க அப்பா அப்படித்தான் பாப்பாரு. கெட்டதுன்னா டீயில நனைச்ச பாண் மாதிரி எறங்கும்.

பதுளை_அக்கா:
தம்பி, கல்லு மரம் எல்லாம் அப்பறம், மொதல்ல பேப்பர். நகரசபையில ஸ்ட்ரீட் லைன் சர்ட்டிபிகேட் எடுங்க, ரோட்டு எல்லை எதுவரைக்கும்னு அதுல இருக்கும். பழைய கடைங்க எல்லாம் ரோட்ட ஒட்டியே நிக்கும், ஒடச்சுட்டு புதுசா கட்டப் போனா இன்னைக்கு உள்ள எல்லைக்குப் பின்னால தள்ளித்தான் கட்ட விடுவாங்க, சின்னக் காணின்னா முன்கடையே காணாமப் போயிரும். பின்னால மேடுங்கிறதால மண்சரிவு ஆபத்து பாக்கிற என்பிஆர்ஓவுலயும் (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) கேளுங்க. 2025 நவம்பர் டித்வா புயல் மழையில எங்க பக்கத்து வீட்டு குசினி ஜன்னல் வரைக்கும் மண்ணு, நல்ல வேள அந்நேரம் குசினியில யாரும் இல்ல.

டெய்லர் விஷயம் லேசு இல்ல. 1972ஆம் வருஷத்து 7ஆம் இலக்க வாடகைச் சட்டம்னு ஒன்னு இருக்கு, பழைய வாடகைக்காரர நெனச்ச நேரம் எழுப்ப முடியாது, நம்ம குடும்பத்துல இதே மாதிரி ஒன்னு கோர்ட்ல இழுத்த இழுப்புக்கு ரெண்டு கட்டடம் கட்டியிருக்கலாம். லோயர பாத்துட்டு, அந்த ரெண்டு கடையில ஒன்னு அவருக்கேன்னு நேராப் போய் பேசுங்க.

படி எங்கருந்து ஏறுது? கடைக்குள்ள இருந்துன்னா மாத்துங்க, கடைக்காரர் ராவுல ஷட்டர் போட்டா அனெக்ஸ்காரங்க எப்படிப் போறது. கரண்ட் மீட்டரும் கடைக்கு வேற, வீட்டுக்கு வேற எடுங்க, ரெண்டுக்கும் கட்டணம் ஒரே மாதிரி இல்ல.

கோடமழை:
கந்தபளையில ஹெதர்செட் டீ பெக்டரிய 1996ல ஹோட்டலா தொறந்தாங்களே, கொழுந்து வாட்டுன மாடிதான் அங்க ரூம். பழச வச்சே செய்யலாம். என்ன, அது கம்பெனிக் காசு, நம்மது சீட்டுக் காசு 😄 கீழ சாப்பாட்டுக் கடைக்கு மட்டும் குடுக்காதீங்க, பலகைக்கு அடியில கேஸ் அடுப்பு, மேல புள்ளைங்க தூங்கும்.

மலைக்காத்து:
அண்ணே, நேத்து ஸ்க்ரூ டிரைவரோட ஏறினேன். மொத்தம் 11 பீம், 4 முனை பாண்தான், நாலும் பின் சுவர்ப் பக்கம். படி கடைக்குள்ள இருந்துதான் அக்கா. டெய்லர் அண்ணேகிட்ட பேச்செடுத்தேன், ஒன்னும் சொல்லாம தாத்தா காலத்து வாடகை ரிசீட்டுக் கட்ட எடுத்து மேசையில வச்சாரு.

பாஸ்_மகன்_தலவாக்கலை:
நாலுதானே, தட்டு தப்பிச்சிருச்சு. அந்த முனைய வெட்டிட்டு ரெண்டு பக்கமும் இரும்பு சானல் வச்சு போல்ட் அடிக்கலாம், அளவ இன்ஜினியர் குடுப்பாரு. ஆனா கான் வெட்டி ஒரு மழ பாத்துட்டு செய்ங்க. அந்த ரிசீட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க.