ஷான் டைச் நல்ல மேனேஜரா, வெறும் தற்காப்பு ஆளா?

பந்துப்பித்தன்:
இங்கிலாந்து ஃபுட்பால்ல ஷான் டைச்சைப் பெரிய மேனேஜர்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. சென்டர் பேக்கா, அதாவது நடுத் தற்காப்பு வீரரா, ஆடின காலத்துல பந்தைத் தூக்கி அடிச்சு வெளியேத்தினவர், மேனேஜரானப்புறம் டீமையும் அதையே செய்ய வெச்சார். 2017-18ல அவரோட பர்ன்லி கிளப் பிரீமியர் லீக்ல (இங்கிலாந்தோட முதல் டிவிஷன்) 7ஆவது இடம், சரி. ஆனா 38 மேட்ச்ல அடிச்சது 36 கோல். மேட்சுக்கு ஒண்ணுகூட இல்ல!

கடைசிக்கோடு:
அந்த 36 கோலை வெச்சே 54 பாயிண்ட் எடுத்தாரே, அதுதாங்க திறமை. 51 வருஷம் கழிச்சு பர்ன்லி ஐரோப்பியப் போட்டிக்குப் போச்சு.

அவர் எங்கிருந்து வந்தார்னு பாருங்க. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கிளப்ல, புகழ்பெற்ற மேனேஜர் பிரையன் கிளஃப் காலத்து இளம் வீரர். சீனியர் டீம்ல ஒரு மேட்ச்கூடக் கிடைக்காம 1990ல செஸ்டர்ஃபீல்டுக்குப் போனார். எல்லா டிவிஷன் டீமும் ஆடுற 1997 எஃப்.ஏ. கோப்பையில அந்த மூணாவது டிவிஷன் டீமுக்குக் கேப்டன். அதே ஃபாரஸ்ட்டைத் தோற்கடிச்சு செமி ஃபைனல் வரைக்கும் வந்தாங்க. ஓல்ட் டிராஃபோர்டுல மிடில்ஸ்பரோவுக்கு எதிரா பெனால்டி அடிச்சு 2-0 ஆக்கினது டைச்தான். அப்புறம் 2-1ல இருக்கும்போது ஜோனதன் ஹோவர்ட் அடிச்ச பந்து கிராஸ்பார்ல பட்டுக் கோட்டுக்கு உள்ள விழுந்துச்சு. ரெஃப்ரி டேவிட் எல்லரே கோல் கொடுக்கல. கூடுதல் நேரத்துல 119ஆவது நிமிஷம் ஜேமி ஹியூவிட் தலையால முட்டி 3-3. டிரா ஆனதால திரும்ப வெச்ச மேட்ச்ல 0-3 தோல்வி. மூணாவது டிவிஷன் டீம் எதுவுமே இன்னிவரைக்கும் அந்தக் கோப்பை ஃபைனல்ல ஆடினதில்ல. அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பந்துப்பித்தன்:
அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனா ஆட்டக்காரருக்கு நடந்த அநியாயம் வேற, மேனேஜரோட தகுதி வேற. பர்ன்லியில ஒன்பதரை வருஷம், 4-4-2ன்னு (4 தற்காப்பு, 4 நடுக்களம், 2 முன்கள வீரர்கள்) அரைச்ச மாவையே அரைச்சார். 2022 ஏப்ரல்ல 8 மேட்ச் மிச்சம் இருக்கும்போது நீக்கினாங்க. டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கினப்புறம் மேனேஜரா வந்த வின்சென்ட் கொம்பனி பந்தைத் தரையில வெச்சு ஆட வெச்சு 101 பாயிண்டோட ரெண்டாவது டிவிஷன் சாம்பியன் ஆக்கினார்.

மைதானத்தோரம்:
அடுத்த சீசனையும் சொல்லுங்க நண்பரே. பிரீமியர் லீக்ல 24 பாயிண்ட், 19ஆவது இடம், திரும்ப ரெலகேஷன், அதாவது கீழ் டிவிஷனுக்கு இறக்கம். டைச் 2016ல மேல கொண்டுவந்த டீம் தொடர்ந்து அஞ்சு சீசன் தாக்குப்பிடிச்சது. 2022 ஜனவரியில கோல் அடிக்கிற ஆள் கிறிஸ் வுட்டை நியூகாசிலுக்கு வித்துட்டாங்க. அவங்களும் அப்போ ரெலகேஷனுக்கு எதிராப் போராடிட்டு இருந்தவங்க. அதுக்குப் பழி மேனேஜர் மேலயா?

பந்துப்பித்தன்:
வுட் விஷயம் சரி, அதுல டைச்சைக் குறை சொல்ல மாட்டேன். பர்ன்லிக்கு அப்புறம் அவர் மேனேஜரா இருந்த எவர்டனுக்கு என்ன சொல்றீங்க? 2025 ஜனவரியில டைச்சை நீக்கிட்டு பழைய மேனேஜர் டேவிட் மோயஸைத் திரும்பக் கூப்பிட்டாங்க. கிட்டத்தட்ட அதே ஆளுங்களை வெச்சு 13ஆவது இடத்துல முடிச்சார். மோயஸும் பிரெஸ்டன், ஷ்ரூஸ்பரின்னு கீழ் டிவிஷன்கள்ல ஆடின சென்டர் பேக்தான். அதனால எங்கிருந்து வந்தார்ங்கிறது தற்காப்பு ஆட்டத்துக்குக் காரணம் ஆகாது.

கடைசிக்கோடு:
மோயஸ் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம்தான், அதை மறுக்கல. ஆனா 2023-24ஐ விட்டுட்டீங்க. நிதி விதி மீறலுக்காக எவர்டனுக்கு மொத்தம் 8 பாயிண்ட் வெட்டினாங்க. டைச் 48 எடுத்திருந்ததால வெட்டினப்புறமும் 40 மிஞ்சி 15ஆவது இடம். அவர் அந்த வருஷம் பிடிச்சு நிறுத்தலைன்னா, மோயஸ் திரும்பி வந்தப்போ எவர்டன் பிரீமியர் லீக்லயே இருந்திருக்காது.